தீர்ப்பெழுதுமுன் படித்த மனிதர்

ஆபிரகாம் லிங்கன் என்றதும் நம் நினைவுக்கு வருபவை சில உண்டு. மரக்கட்டைகளால் ஆன சிறு குடில், அடுப்பு வெளிச்சத்தில் படித்த சிறுவன், அடிமைகளை விடுவித்த அதிபர், நாடக அரங்கில் பாய்ந்த தோட்டா. தமிழ்ப்பள்ளியில் பயின்ற நம்மில் பலருக்கு, மகனின் ஆசிரியருக்கு அவர் எழுதியதாகச் சொல்லப்படும் கடிதமும் நினைவிருக்கும். அக்கடிதத்தை லிங்கன் எழுதியதற்குச் சான்று எதுவும் இல்லை என்பதைப் பல்கலைக்கழகத்திற்கு வந்த பிறகே அறிந்தேன். ஆனால் அதைத் தேடிப்போன வழியில், அவர் உண்மையாகவே எழுதிய வேறு சில வரிகளைப் பற்றி அறிய நேர்ந்தது. மரண தண்டனை விதிக்கப்பட்டவர்களின் கோப்புகள் மீது அவர் தம் கையால் எழுதிய சின்னஞ்சிறு குறிப்புகள் அவை.

மன்னிப்பைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். வள்ளுவர் பொறையுடைமை என்று ஓர் அதிகாரமே வகுத்துத் தந்திருக்கிறார். மேடைகளில் கைதட்டல் வாங்கித் தரும் தலைப்பும் அதுதான். ஆனால் உயிரைப் பறிக்கும் அதிகாரம் கையில் இருக்கும்போது, நாடே பழிவாங்கத் துடிக்கும்போது, ஒரு மனிதர் எப்படி மன்னித்தார், எங்கே மன்னிக்க மறுத்தார் என்பதை அறிந்தால்தான் அச்சொல்லின் எடை நமக்குத் தெரியும். அதற்காகவே லிங்கனின் வாழ்க்கையை இங்கே எழுதுகிறேன்.

காட்டு நிலத்துச் சிறுவன்

1809ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் கென்டக்கி மாநிலத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில் லிங்கன் பிறந்தார். அவருக்கு இடப்பட்ட பெயர் அவருடைய தாத்தாவின் பெயர். அந்தத் தாத்தா 1786ஆம் ஆண்டில் தம் நிலத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது பூர்வகுடியினரின் தாக்குதலில் கொல்லப்பட்டவர். அருகில் இருந்து அதைப் பார்த்த சிறுவன்தான் லிங்கனின் தந்தை தாமஸ். இந்தக் கதையைக் கேட்டே லிங்கன் வளர்ந்தார். பழிவாங்கும் எண்ணத்தைப் பாலோடு ஊட்டுவதற்கு இதைவிட வேறு கதை வேண்டுமா? இதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னால் இது தேவைப்படும்.

குடும்பம் இண்டியானாவிற்குக் குடிபெயர்ந்தது. 1818ஆம் ஆண்டில் தாயார் நான்சி நோயுற்று இறந்தார். அப்போது லிங்கனுக்கு வயது 9. அடுத்த ஆண்டு வந்த சிற்றன்னை சாரா அவரைத் தம் பிள்ளையாகவே வளர்த்தார். படிப்பதற்கு ஊக்கமும் தந்தார். பள்ளிக்கூடத்தில் அவர் இருந்த நாள்களை எல்லாம் கூட்டினால் ஏறக்குறைய ஓர் ஆண்டுதான் வரும். எஞ்சியதெல்லாம் இரவல் புத்தகங்களில் தாமே கற்றது. மரம் வெட்டினார், படகு ஓட்டினார், கடையில் வேலை பார்த்தார், அஞ்சல் நிலையத்தைக் கவனித்தார். சட்டத்தையும் தாமே படித்து 1836ஆம் ஆண்டில் வழக்கறிஞர் உரிமம் பெற்றார். மறு ஆண்டு இல்லினோய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகருக்குச் சென்று தொழிலைத் தொடங்கினார்.

குடிகாரர்களுக்காக ஓர் உரை

1842ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் ஸ்பிரிங்ஃபீல்டு தேவாலயம் ஒன்றில் மதுவிலக்குச் சங்கத்தார் முன் லிங்கன் பேசினார். அவர் குடிப்பழக்கம் இல்லாதவர். எனவே குடிகாரர்களை வறுத்தெடுப்பார் என்று கேட்க வந்தவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. குடிப்பவரைப் பாவி என்றும் சமுதாயத்தின் சாபக்கேடு என்றும் தூற்றியதால்தான் பழைய மதுவிலக்குப் போராட்டங்கள் தோற்றன என்று எடுத்துரைத்தார். திட்டுகிறவரின் அறிவுரையை யாரும் கேட்கமாட்டார்கள். நண்பனாக நெருங்குகிறவரின் சொல்தான் உள்ளே போகும் என்பது அவர் கருத்து.

அதோடு நின்றிருந்தால் கைதட்டிவிட்டுப் போயிருப்பார்கள். குடிக்காத நம்மில் பலர் குடிக்காமல் இருப்பதற்குக் காரணம் நம்முடைய உயர்ந்த ஒழுக்கம் அன்று, அந்த வேட்கை நம்மைப் பிடிக்காமல் போனதுதான் என்றும் அவர் சொல்லிவிட்டார். தேவாலயத்தில் அமர்ந்திருந்த கண்ணியமானவர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. தங்களையும் குடிகாரர்களையும் ஒரே தட்டில் வைத்துவிட்டாரே என்று முகம் சுளித்தார்கள்.

இந்த உரையைப் பற்றிப் படித்தபோது என் எண்ணம் நம் தோட்டப்புறங்களுக்குச் சென்றது. ஒரு காலத்தில் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியோடு கள்ளுக்கடை நடந்தது. நாள் முழுவதும் பால்மரம் சீவி, வாளி சுமந்து, கால் கடுக்க நடந்துவிட்டு வந்த மனிதனுக்கு மாலையில் போக்கிடம் அந்த ஒன்றுதான். பிறகு அதே மனிதனைப் பார்த்துக் குடிகார இனம் என்று பிறரும் சொன்னார்கள், நம்மவரும் சொன்னோம். கடை எப்படி அங்கே வந்தது என்று கேட்டவர்கள் சிலரே. குடியினால் அழிந்த குடும்பங்களின் கண்ணீரை நான் மறுக்கவில்லை. லிங்கனும் மறுக்கவில்லை. குடி கேடு என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. குடிப்பவனைக் கேடு என்று சொல்லத்தான் அவர் மறுத்தார்.

வாள் கற்றுத் தந்த பாடம்

அதே 1842ஆம் ஆண்டின் பிற்பகுதியில் லிங்கனே ஒரு வம்பில் மாட்டிக்கொண்டார். ஜேம்ஸ் ஷீல்ட்ஸ் என்பவர் இல்லினோய் மாநிலக் கணக்காயராக இருந்தார். எதிர்க்கட்சியைச் சேர்ந்த அவரைக் கேலி செய்து, ரெபெக்கா என்ற நாட்டுப்புறப் பெண் எழுதுவதைப் போன்ற கடிதம் ஒன்றை உள்ளூர்ச் செய்தித்தாளில் புனைபெயரில் எழுதினார் லிங்கன். ஷீல்ட்ஸின் கொள்கையை மட்டுமின்றி அவருடைய நடையையும் பாவனையையும்கூட ஊரார் சிரிக்கும்படி நையாண்டி செய்திருந்தார். கொதித்துப்போன ஷீல்ட்ஸ் லிங்கனைத் தனிப்போருக்கு அழைத்தார்.

1842 செப்டம்பர் 22ஆம் நாள் இருவரும் மிசிசிப்பி ஆற்றின் திட்டு ஒன்றில் நீண்ட குதிரைப்படை வாள்களோடு எதிரெதிரே நின்றனர். நல்ல வேளையாக, கடைசி நேரத்தில் நண்பர்கள் தலையிட்டுச் சமாதானம் செய்து வைத்தார்கள். அந்த நிகழ்ச்சியைப் பற்றிப் பேசுவதையே லிங்கன் பிற்காலத்தில் விரும்பவில்லை. குடிகாரர்களைத் தூற்றாதீர்கள் என்று பிப்ரவரியில் ஊருக்கு உபதேசம் செய்தவர், ஏழே மாதத்தில் ஒரு மனிதரை ஏளனம் செய்து வாளெடுக்க வைத்துவிட்டாரே! கருணை லிங்கனோடு கூடப் பிறந்ததன்று. அடிபட்டுக் கற்றுக்கொண்டது என்பதற்கு இதுவே சான்று. உள்நாட்டுப் போர் மூண்டபோது அதே ஷீல்ட்ஸ் அதிபர் லிங்கனின் படையில் தளபதியாகப் பணியாற்றினார்.

பாடம் நிலைத்தது என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் போரில் வென்ற தளபதி மீட், தோற்றோடிய எதிரிப் படையை விரட்டிப் பிடிக்காமல் விட்டுவிட்டார். போர் அத்துடன் முடிந்திருக்கலாமே என்று லிங்கன் மனம் வெதும்பினார். ஜூலை 14ஆம் நாள் மீடுக்குக் கடுமையான கடிதம் ஒன்றை எழுதினார். ஆனால் அதில் கையொப்பமிடவில்லை, அனுப்பவுமில்லை. மடித்து வைத்துவிட்டார். அது அவருடைய தாள்களுக்கிடையே பிறகு கிடைத்தது.

அவமதித்தவருக்கு அமைச்சர் பதவி

1855ஆம் ஆண்டில் அறுவடை இயந்திரத்தின் காப்புரிமை குறித்த பெரிய வழக்கு ஒன்றில் லிங்கனும் வழக்கறிஞராக அமர்த்தப்பட்டார். மாதக்கணக்கில் படித்துத் தயார் செய்து சின்சினாட்டி நகருக்குச் சென்றார். அங்கே அதே தரப்புக்காக வாதாட வந்திருந்தவர் எட்வின் ஸ்டாண்டன். பெயர்பெற்ற வழக்கறிஞர். நீண்ட கைகால்களும் பொருந்தாத உடையுமாக வந்து நின்ற நாட்டுப்புறத்து லிங்கனை அவர் மனிதராகவே மதிக்கவில்லை. வாதாட விடவில்லை, உணவு மேசைக்குக்கூட உடன் அழைக்கவில்லை. லிங்கன் தங்கியிருந்து, பார்வையாளராக அமர்ந்து வழக்கு முழுவதையும் கேட்டார். இந்தப் படித்த வழக்கறிஞர்கள் வாதிடும் திறத்தைக் கண்டு, தாமும் இன்னும் கற்க வேண்டும் என்ற உறுதியோடு ஊர் திரும்பினார்.

ஆறு ஆண்டுகள் கழித்து லிங்கன் அதிபரானார். போர் நடந்துகொண்டிருந்த வேளையில் போர் அமைச்சுக்குத் திறமையான ஒருவர் தேவைப்பட்டார். 1862 ஜனவரியில் அப்பதவியை ஸ்டாண்டனிடமே கொடுத்தார் லிங்கன். புதிய அதிபரைப் பற்றி ஸ்டாண்டன் வாஷிங்டனில் இழிவாகப் பேசியும் எழுதியும் வந்தது பலர் அறிந்த செய்தி. இருந்தும் அந்தப் பதவிக்கு அவரே தக்கவர் என்று லிங்கன் கணித்தார். கணிப்பு பொய்க்கவில்லை. தமக்கு நேர்ந்த அவமானத்தையும் நாட்டுக்கு வேண்டிய திறமையையும் அவர் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளவில்லை.

ஓடிப்போன கால்கள்

1861ஆம் ஆண்டு தொடங்கி 1865ஆம் ஆண்டு வரை நீடித்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்ட வீரர்கள் மாண்டனர். படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்து இளைஞர்கள், நம் வயதினர். போர்க்களத்தைக் கண்டு அஞ்சி ஓடியவர்கள், வீட்டு நினைவு தாங்காமல் ஊருக்குப் போனவர்கள், காவல் வேளையில் உறங்கிவிட்டவர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார்கள். அவர்களில் மரண தண்டனை பெற்றவர்களின் கோப்புகள் அதிபரின் மேசைக்குக் குவியல் குவியலாக வந்தன.

வில்லியம் ஸ்காட் அவர்களில் ஒருவர். வெர்மாண்ட் மாநிலத்து விவசாயி மகன். 1861 ஆகஸ்டு இறுதியில் வாஷிங்டனுக்கு அருகே காவல் பணியில் உறங்கிவிட்டார். சுட்டுக் கொல்லும்படி தீர்ப்பானது. செப்டம்பரில் அதிபரின் விருப்பத்திற்கிணங்க மன்னிக்கப்பட்டார். ஏழு மாதங்களுக்குப் பிறகு, 1862 ஏப்ரல் 16ஆம் நாள், வர்ஜீனியாவில் நடந்த சண்டையில் முன்னணியில் நின்று போரிட்டு மாண்டார். அவரைச் சுற்றிப் பிற்காலத்தில் நிறையக் கற்பனைகள் பின்னப்பட்டன. கற்பனைகளைக் கழித்துவிட்டாலும் எஞ்சும் உண்மை போதும். சுட்டிருந்தால் ஒரு குழிதான் மிஞ்சியிருக்கும். மன்னித்ததால் ஒரு வீரர் கிடைத்தார்.

1863 ஜூலை 18ஆம் நாள் லிங்கன் ஆறு மணி நேரம் தொடர்ந்து அமர்ந்து இத்தகைய கோப்புகளைப் பார்த்தார் என்று அவருடைய செயலாளர் ஜான் ஹே தம் நாட்குறிப்பில் பதிவு செய்துள்ளார். ஓர் உயிரைக் காப்பாற்ற ஏதாவது ஒரு காரணம் கிடைக்காதா என்று அதிபர் தேடியதைக் கண்டு அவருக்கு வியப்பு. கோழைத்தனத்துக்காக ஒருவரைச் சுடுவதை லிங்கனால் ஏற்க முடியவில்லை. மனம் துணிந்திருந்தாலும் கால்கள் தாமாக ஓடிவிட்டால் அந்த மனிதன் என்ன செய்வான் என்று வேடிக்கையாகச் சொல்வாராம். ஆனால் இழிசெயலிலும் கொடூரத்திலும் ஈடுபட்டவர்களின் கோப்பு வந்தால் அவர் இளகவில்லை என்பதையும் ஹே குறித்திருக்கிறார்.

இவ்வாறு மன்னித்துக்கொண்டே போனால் படையில் ஒழுங்கு எப்படி நிலைக்கும் என்று தளபதிகள் முறையிட்டார்கள். அது நியாயமான கேள்வி. ஓடாமல் நின்று செத்தவனுக்கு என்ன மரியாதை? லிங்கனுக்கும் அது தெரியும். ஆகவே எல்லாரையும் அவர் விடுவிக்கவில்லை. போர் முடிவதற்குள் வடபுலப் படையில் 260க்கும் மேற்பட்டோர் பல்வேறு குற்றங்களுக்காக மரண தண்டனை பெற்றனர். ஆனால் சட்டத்தின் மூலமாகவே வேறு வழிகளையும் அவர் திறந்துவிட்டார். 1863 ஏப்ரல் முதல் நாளுக்குள் திரும்பிவரும் ஓடிப்போன வீரர்களுக்கு மரண தண்டனை இல்லை என அறிவித்தார். 1864 பிப்ரவரியில், படையை விட்டு ஓடியதற்காக மரண தண்டனை பெற்றிருந்தவர்களின் தண்டனையைச் சிறைத் தண்டனையாகக் குறைக்க ஆணையிட்டார்.

என்னை ஈர்த்தது அவர் மன்னித்தவர்களின் எண்ணிக்கை அன்று. ஆறு மணி நேரம் என்ற அந்தக் கணக்குதான். நாட்டின் அதிபர், போர் உச்சத்தில் இருக்கும்போது, பெயர் தெரியாத சிப்பாய்களின் கோப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிறார். தண்டிப்பதற்கு ஒரு கையொப்பம் போதும். மன்னிப்பதற்குப் படிக்க வேண்டியிருக்கிறது.

இங்கே என் பள்ளி நாள்களிலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகளும் என்னோடு ஒரே வகுப்பில் படித்த நண்பன் ஒருவன் இடைநிலைப்பள்ளிக்கும் என்னோடுதான் வந்தான். நான்காம் படிவத்தில் அடிக்கடி வராமல் போனான். முதல் எச்சரிக்கைக் கடிதம், இரண்டாம் கடிதம், இறுதிக் கடிதம், பிறகு பள்ளியை விட்டு நீக்கம். எல்லாம் விதிப்படிதான் நடந்தது. தந்தை நோயில் படுத்ததால் அவன் இரவில் கார் கழுவும் கடையில் வேலை செய்து தம்பி தங்கைகளுக்குச் சோறு போட்டான் என்பது அந்த மூன்று கடிதங்களில் எதிலும் இல்லை. வரவுப் பதிவேட்டில் வராத நாள்கள் மட்டுமே இருந்தன. அவனை யாரும் வெறுத்ததாகவும் எனக்குத் தெரியவில்லை. உட்கார வைத்து விசாரிக்க ஒருவருக்கும் நேரமில்லை, அவ்வளவுதான். நம் பையன்களில் எத்தனையோ பேருடைய படிப்பு இப்படித்தான் முடிகிறது.

303 பெயர்கள்

லிங்கனின் கருணைக்கு வந்த கடுமையான சோதனை போர்க்களத்திலிருந்து வரவில்லை. மினசோட்டா மாநிலத்திலிருந்து வந்தது. அங்கே வாழ்ந்த டகோட்டா பூர்வகுடியினர் தங்கள் நிலங்களை ஒப்பந்தத்தின் பேரில் அரசிடம் கொடுத்துவிட்டு, அதற்கான ஆண்டுத் தொகையை நம்பி வாழ்ந்தனர். 1862 கோடையில் அந்தப் பணம் வந்து சேரவில்லை. விளைச்சலும் பொய்த்திருந்தது. கடைக்காரர்கள் கடன் தர மறுத்தார்கள். பசி முற்றிய ஆகஸ்டு மாதத்தில் போர் வெடித்தது. சில வாரங்களில் நூற்றுக்கணக்கான வெள்ளையர்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட, கொல்லப்பட்டனர். கிளர்ச்சி அடக்கப்பட்ட பின் இராணுவ விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அது 303 பேருக்கு மரண தண்டனை விதித்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு வழக்கறிஞர் இல்லை. புரியாத மொழியில் விசாரணை. சில விசாரணைகள் ஐந்து நிமிடம்கூட நீடிக்கவில்லை.

பெயர்ப் பட்டியல் தந்தி மூலம் வாஷிங்டனுக்கு வந்தது. உடனே தூக்கிலிட ஒப்புதல் தருமாறு தளபதியும் மாநில ஆளுநரும் நெருக்கினார்கள். காலம் தாழ்த்தினால் மக்களே கைதிகளைக் கொன்றுவிடுவார்கள் என்ற எச்சரிக்கையும் வந்தது. டகோட்டா மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை எடுத்துச் சொன்ன பேராயர் விப்பிளைப் போன்றவர்கள் மிகச் சிலரே.

லிங்கன் பட்டியலை ஏற்கவில்லை. முழு விசாரணைப் பதிவுகளையும் அனுப்பச் சொன்னார். இரு வழக்கறிஞர்களை அமர்த்தி, ஒவ்வொரு வழக்கையும் ஆராயச் செய்தார். போரில் கலந்துகொண்டவர்களையும், ஆயுதம் இல்லாத பொதுமக்களைக் கொன்றவர்களையும் அல்லது பெண்களைச் சீரழித்தவர்களையும் வேறு வேறாகப் பிரிக்க வேண்டும் என்பது அவர் கட்டளை. டிசம்பர் 6ஆம் நாள் 39 பெயர்கள் கொண்ட ஆணையைத் தம் கையாலேயே எழுதினார். பெயர்கள் ஒன்றுபோல் ஒலிப்பதால் ஆள் மாறிவிடக் கூடாது என்பதற்காக எண்களையும் சேர்த்து எழுதினார். அவர்களில் ஒருவருக்குக் கடைசி நேரத்தில் தண்டனை நிறுத்தப்பட்டது. 1862 டிசம்பர் 26ஆம் நாள் மான்காட்டோ நகரில் 38 பேர் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டனர்.

தாத்தாவைப் பூர்வகுடியினரின் தாக்குதலில் பறிகொடுத்த குடும்பத்திலிருந்து வந்தவர் செய்த காரியம் இது என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் இதைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்தால் நான் நேர்மையற்றவனாவேன். 38 பேர் என்பது சிறிய எண்ணன்று. அமெரிக்க வரலாற்றில் ஒரே நாளில் நிறைவேற்றப்பட்ட ஆகப் பெரிய மரண தண்டனை அதுதான். லிங்கன் அவ்வளவு கவனமாக எழுதியும், ஒரு வெள்ளைப் பெண்ணையும் அவர் குழந்தைகளையும் காப்பாற்றிய ஒருவர் பெயர்க் குழப்பத்தால் தூக்கில் தொங்கினார். தப்பியவர்கள் சிறையில் அடைக்கப்பட்டு, பலர் அங்கேயே நோயால் இறந்தனர். அடுத்த ஆண்டு டகோட்டா மக்கள் மினசோட்டாவிலிருந்தே வெளியேற்றப்பட்டனர். இன்றும் அம்மக்கள் அந்த 38 பேரை நினைவுகூர்கின்றனர். அவர்கள் பார்வையில் லிங்கன் கருணையாளர் இல்லை. அந்தப் பார்வையிலும் உண்மை இருக்கிறது.

இருப்பினும், 303 பேரையும் தூக்கிலிட்டிருந்தால் அன்றைய வாக்காளர்கள் மகிழ்ந்திருப்பார்கள். 1864 தேர்தலில் மினசோட்டாவில் அவருடைய வாக்குப் பெரும்பான்மை குறைந்தது. எல்லாரையும் தூக்கிலிட்டிருந்தால் கூடுதல் வாக்குகள் கிடைத்திருக்கும் என்று அவரிடம் சொன்னபோது, வாக்குக்காக மனிதர்களைத் தூக்கிலிட முடியாது என்பதே அவருடைய விடையாக இருந்தது.

மன்னிக்க மறுத்த இடம்

நதேனியல் கார்டன் என்பவர் அடிமைக் கப்பல் தலைவர். 1860 ஆகஸ்டில் ஆப்பிரிக்காவின் கொங்கோ ஆற்று முகத்துவாரத்துக்கு அருகே அவருடைய கப்பல் பிடிபட்டபோது அதில் 897 ஆப்பிரிக்கர்கள் அடைக்கப்பட்டிருந்தனர். ஏறக்குறையப் பாதிப் பேர் சிறுவர்கள். அடிமைக் கடத்தலுக்கு மரண தண்டனை என்ற சட்டம் 1820ஆம் ஆண்டிலிருந்தே இருந்தும், அதன்படி ஒருவரும் தூக்கிலிடப்பட்டதில்லை. கார்டனுக்காகவும் மன்னிப்பு மனுக்கள் குவிந்தன. லிங்கன் அவருக்குத் தந்தது இரண்டு வார அவகாசம் மட்டுமே. அதுவும் சாவதற்குத் தம்மைத் தயார்படுத்திக்கொள்வதற்காக. 1862 பிப்ரவரி 21ஆம் நாள் கார்டன் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்திய நாள்தான் லிங்கனின் 11 வயது மகன் வில்லி காய்ச்சலால் இறந்திருந்தான்.

இரக்கமுள்ள மனிதர் இங்கே ஏன் இறங்கவில்லை? அச்சத்தாலோ பசியாலோ தவறியவனுக்கும், குழந்தைகளை விலை பேசியவனுக்கும் இடையே அவர் வேறுபாடு கண்டார். மன்னிப்பு என்பது கண்ணை மூடிக்கொள்வதன்று. கோப்பைப் படிக்கிறவன் சில நேரங்களில் மன்னிக்க முடியாததையும் படிக்க நேரிடும்.

பகைவரும் உறவினரே

அடிமை முறையைத் தீமை என்று லிங்கன் வெளிப்படையாகக் கண்டித்தார். 1863 ஜனவரி முதல் நாள் விடுதலைப் பிரகடனத்தில் கையொப்பமிட்டார். 1865 ஜனவரியில் அடிமை முறையை அடியோடு ஒழிக்கும் சட்டத்திருத்தத்தை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றப் பாடுபட்டார். ஆனால் அடிமைகளை வைத்திருந்த தென்புலத்து மக்களைப் பிறவிக் கொடியவர்கள் என்று அவர் கருதவில்லை. அவர்கள் இடத்தில் நாம் பிறந்திருந்தால் நாமும் அவர்களைப் போலத்தான் இருந்திருப்போம் என்பதை 1854ஆம் ஆண்டில் பியோரியா நகர உரையிலேயே எடுத்துச் சொல்லியிருந்தார்.

1863 செப்டம்பரில் அவருடைய மனைவி மேரியின் தங்கை எமிலியின் கணவர், எதிரிப் படையின் தளபதி, போரில் மாண்டார். அந்த விதவையை லிங்கன் வெள்ளை மாளிகைக்கே அழைத்துத் தங்க வைத்தார். எதிரியின் மனைவிக்கு அதிபர் மாளிகையில் இடமா என்று செனட்டரும் தளபதியும் கேட்டபோது, தம் வீட்டில் யார் தங்குவது என்பதைத் தாமே முடிவு செய்வதாக உணர்த்திவிட்டார். அதே டிசம்பரில், பற்றுறுதி எடுத்துக்கொள்ளும் சாதாரணக் கிளர்ச்சியாளர்களுக்குப் பொதுமன்னிப்பு அறிவித்தார்.

1865 மார்ச் 4ஆம் நாள் இரண்டாம் முறையாகப் பதவியேற்றபோது வெற்றி கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இருந்தது. கூட்டம் வெற்றி முழக்கத்தை எதிர்பார்த்தது. அவரோ ஏழு நிமிடங்களுக்குள் முடிந்துவிட்ட உரையில், இரு தரப்பும் ஒரே இறைவனையே வேண்டியதை நினைவூட்டினார். அடிமை முறையின் பாவத்தில் வடபுலத்திற்கும் பங்குண்டு என்றார். மற்றவரைத் தீர்ப்பிட வேண்டாம் என்றும், யார்மீதும் வன்மமின்றி நாட்டின் காயங்களைக் கட்டுவோம் என்றும் கேட்டுக்கொண்டார்.

ஏப்ரல் 9ஆம் நாள் தென்புலத் தளபதி லீ சரணடைந்தார். தோற்றவர்கள் சிறைக்கு அனுப்பப்படவில்லை. குதிரைகளை ஓட்டிச் சென்று வயலை உழலாம் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். பசித்திருந்த அவர்களுக்கு உணவும் தரப்பட்டது. ஏப்ரல் 14ஆம் நாள் காலை அமைச்சரவைக் கூட்டத்தில், போர் முடிந்தபின் பழிவாங்கலோ தூக்குத் தண்டனையோ கூடாது என்ற தம் எண்ணத்தை லிங்கன் தெரிவித்தார். அன்றிரவே ஃபோர்டு நாடக அரங்கில் ஜான் வில்க்ஸ் பூத் அவரைச் சுட்டான். மறுநாள் காலை அவர் உயிர் பிரிந்தது. அப்போது அருகில் நின்று கண்ணீர் விட்டவர்களில் ஒருவர், ஒரு காலத்தில் உணவு மேசைக்குக்கூட அவரை அழைக்காத ஸ்டாண்டன்.

அதன்பின் நாடு அவர் சொன்னதை மறந்து சினத்தில் கொந்தளித்தது. சதியில் தொடர்புடையவர்கள் என்று நால்வர் ஜூலை 7ஆம் நாள் தூக்கிலிடப்பட்டனர். அவர்களில் ஒரு பெண்ணும் இருந்தார். ஒன்பது இராணுவ நீதிபதிகளில் ஐவர் அப்பெண்ணுக்குக் கருணை காட்டும்படி பரிந்துரைத்தும் பயனில்லை. கருணை மனுக்களைப் பொறுமையாகப் படித்துவந்த மனிதர் அப்போது கல்லறையில் இருந்தார்.

நமக்கு

நம்மில் யாருக்கும் மரண தண்டனைக் கோப்பு வரப்போவதில்லை. ஆயினும் இன்னும் சில ஆண்டுகளில் நம்மில் ஒருவர் ஆசிரியராகி வரவுப் பதிவேட்டைக் கையில் எடுப்பார். ஒருவர் வழக்கறிஞராவார், ஒருவர் மருத்துவராவார், ஒருவர் வங்கியில் கடன் விண்ணப்பங்களைப் பார்ப்பார். நம் எதிரே ஓர் எண்ணாக, ஒரு புகாராக, ஒரு கெட்ட பெயராக யாராவது வந்து நிற்பார்கள். தோட்டத்துப் பையன் இப்படித்தான், அந்தக் குடும்பமே அப்படித்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க ஒரு நொடி போதும்.

லிங்கன் மாசற்றவர் அல்லர் என்பதை மறைக்காமல் எழுதியிருக்கிறேன். அவர் தெய்வமாக இருந்திருந்தால் நமக்குப் பயன்படமாட்டார். ஏளனம் செய்து அடிபட்டுக் கற்றுக்கொண்ட ஒரு மனிதர், ஆறு மணி நேரம் உட்கார்ந்து படித்தார் என்பதால்தான் நம்மாலும் முடியும் என்று நம்புகிறேன். மன்னிக்க வேண்டுமா தண்டிக்க வேண்டுமா என்பதைப் பிறகு முடிவு செய்வோம். முதலில் கோப்பைப் பிரித்துப் படிப்போம்.